பணியிட மனநல ஆலோசனை: நெய்வேலி தொழில் நகரியத்தை முன்வைத்து

பணியிட மனநல ஆலோசனை என்பது, வேலை செய்பவர் தம் மனச்சுமையைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ரகசியமாகப் பேசி உதவி பெறுவதற்கு நிறுவனம் செய்து தரும் ஏற்பாடு ஆகும். பல இடங்களில் இந்தச் சேவை பணியாளரின் குடும்பத்தினருக்கும் அளிக்கப்படுகிறது. வேலைப்பளு, தூக்கமின்மை, பணியிடத் தகராறு, கடன், குடிப்பழக்கம், குடும்பச் சிக்கல், விபத்தை நேரில் கண்ட அதிர்ச்சி, தற்கொலை எண்ணம் ஆகியவை ஆலோசனைக்கு வருபவர்கள் அதிகம் பேசும் பொருள்கள்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றி எழுந்த ஊர். நிரந்தரத் தொழிலாளருக்கு வேலை, வீடு, மருத்துவம் மூன்றையும் ஒரே நிறுவனமே தருகிறது. இத்தகைய ஊரில் மனநல ஆலோசனையின் தேவை பெரியது. அதை நம்பி மக்கள் வருவதற்கான தடைகளும் பெரியவை. இரண்டையும் நெய்வேலியில் தெளிவாகக் காணலாம் என்பதால் இக்கட்டுரை அவ்வூரை முன்வைத்து இச்சேவையை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

‘கவுன்சிலிங்’ என்பதற்குத் தமிழகத்தில் ‘மனநல ஆலோசனை’ என்ற சொல் பரவலாக வழங்குகிறது. இலங்கையில் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லும் கல்வித் துறையில் உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நூல்களுக்குப் பெயர் தந்த சொல் இது.

‘ஆலோசனை’ என்ற சொல் ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடும். ஆலோசகர் என்பவர் அறிவுரை சொல்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். “குடிக்காதே”, “கவலைப்படாதே”, “எல்லாம் சரியாகிவிடும்” போன்ற சொற்களை வீட்டிலும் நண்பர்களிடமும் ஏற்கெனவே கேட்டுச் சலித்தவர்தான் ஆலோசகரிடம் வருகிறார். ஆலோசகரின் முதல் வேலை குறுக்கிடாமல் கேட்பது. பிறகு சிக்கலைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவும், எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று வந்தவரே கண்டுகொள்ளவும் உதவுகிறார்.

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகிய மூவரும் வேறுவேறு தொழிலினர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர்; மருந்து எழுதித் தரும் உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளையும் உளச்சிகிச்சையையும் செய்பவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் உளவியல் அல்லது சமூகப்பணி படித்து, ஆலோசனையில் பயிற்சி பெற்றவர். மருந்து தேவைப்படும் அளவுக்கு நிலைமை இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவது இவரது கடமை.

வரலாறு

தொழிற்சாலைக்குள் தொழிலாளரின் மனக்குறையைக் கேட்பதை ஒரு முறையாக நடத்திய தொடக்க முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் சிகாகோ அருகே இருந்த ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் நடந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை அது. அங்கு 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடத்தப்பட்டது. தம் குறையை ஒருவர் பொறுமையாகக் கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருந்தது தெரியவந்தது. இதன் தொடர்ச்சியாக 1936இல் அங்கு ஆலோசனைத் திட்டம் தொடங்கியது. ஆலோசகர் கேட்டுக்கொள்கிறார், ஆனால் வேலை நிலைமை எதுவும் மாறுவதில்லை என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது. அந்த விமர்சனம் இன்றும் இச்சேவையின் மீது வைக்கப்படுகிறது.

மற்றொரு வேர் குடிநோய் சார்ந்தது. 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தோன்றியபின், 1940களில் டூபாண்ட், ஈஸ்ட்மேன் கோடாக் போன்ற நிறுவனங்கள் குடிநோயால் பாதிக்கப்பட்ட தொழிலாளரை வேலையைவிட்டு நீக்குவதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பத் தொடங்கின. 1970களில் இது குடும்பம், கடன், மனச்சோர்வு என எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துக்கொண்டு ‘பணியாளர் உதவித் திட்டம்’ என்ற வடிவம் பெற்றது. இன்று பெருநிறுவனங்கள் பலவற்றில் காணப்படுவது இந்த வடிவமே.

இந்தியாவில் இதற்கு முன்னோடியாக அமைந்தது தொழிலாளர் நல அலுவலர் பதவி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவில், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது. 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைச் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. தொழிலாளரின் குறையைக் கேட்பது நல அலுவலரின் பணிகளுள் ஒன்று. ஆனால் அவர் நிர்வாகத்தின் அலுவலர். விடுப்பு, கடன், உணவகம், தகராறு என்று எல்லாவற்றையும் பார்ப்பவர். அந்தரங்கத்தை நம்பிச் சொல்வதற்கான தனி இடமாக அந்தப் பதவி அமையவில்லை.

தமிழகத்தில் 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோய்ச் சிகிச்சையோடு தொழில் நிறுவனங்களுக்கான விழிப்புணர்வுப் பயிற்சியையும் நடத்தியது. 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கும், 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்கும் உழைத்தன. மனநலம் பற்றித் தமிழகத்தில் வெளிப்படையாகப் பேசும் சூழலை உருவாக்கியதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

நெய்வேலி: வேலையும் வீடும்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டது நெய்வேலியின் தொடக்கக் கதை. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நிறுவனம் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்ற பெயரில் இயங்குகிறது.

இங்கு வேலை நிற்காமல் நடப்பதற்கு இயற்கையே ஒரு காரணம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரை பீறிட்டுப் போகும். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை நீண்ட நாள் குவித்தும் வைக்க முடியாது. தானே தீப்பற்றும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே வெட்டும் எந்திரம், கன்வேயர் பட்டை, கொதிகலன், மின்னாக்கி எல்லாம் ஒரே சங்கிலியாக 24 மணி நேரமும் ஓடுகின்றன. அவற்றோடு மனிதர்களும் மாறி மாறி மூன்று ஷிப்டுகளில் வேலை செய்கிறார்கள்.

நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அகலமான சாலைகளும் மரங்களும் பள்ளிகளும் கொண்டு திட்டமிட்டுக் கட்டப்பட்டது. குடியிருப்பு நிறுவனத்துடையது. பெரிய மருத்துவமனையும் நிறுவனத்துடையதே. உடன் வேலை செய்பவரே பக்கத்து வீட்டுக்காரராகவும், மேலதிகாரியின் பிள்ளையே தம் பிள்ளையின் வகுப்புத் தோழராகவும் இருப்பது இத்தகைய ஊரில் இயல்பு. இது பாதுகாப்பும் தருகிறது. துக்கம் நேர்ந்தால் ஓடிவர ஆள் உண்டு. ஆனால் ஒருவருடைய சிக்கல் மறைவாக இருப்பதும் கடினம். பணியிடத்தில் நடந்த அவமானம் மாலையில் தெருவுக்கு வந்துவிடும். வீட்டில் நடந்த சண்டை மறுநாள் பணியிடத்துக்குப் போய்விடும்.

மனத்தை அழுத்தும் காரணங்கள்

முதலாவது, ஷிப்ட் வேலை. உடலுக்கு உள்ளே இயங்கும் கடிகாரம் இருட்டில் தூங்கவும் வெளிச்சத்தில் விழித்திருக்கவும் பழகியது. வாரந்தோறும் நேரம் மாறும்போது அது நிலைகொள்ள முடிவதில்லை. இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்புபவர், வெயிலும் தெருச் சத்தமும் உள்ள நேரத்தில் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் எரிச்சல், மறதி, கவனக்குறைவு வரும். தொடர்ந்தால் மனச்சோர்வுக்கு வழி வைக்கும். கனரக எந்திரத்தின் அருகே கவனக்குறைவு உயிர் ஆபத்தும் ஆகும்.

இரண்டாவது, விபத்து குறித்த அச்சம். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாம் அலகில் கொதிகலன் விபத்து நடந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் மீண்டும் விபத்து நேர்ந்தது. அன்றே 6 பேர் இறந்தனர். தீக்காயமடைந்து சிகிச்சை பெற்றவர்களில் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். இத்தகைய விபத்து காயம்பட்டவரோடு முடிவதில்லை. உடலைத் தூக்கி வந்தவர், ஷிப்ட் மாற்றிக்கொண்டதால் தப்பித்தவர், மறுநாள் அதே படிக்கட்டில் ஏற வேண்டியவர், வீட்டில் காத்திருக்கும் மனைவி, பிள்ளைகள் என எல்லோருக்கும் அதன் பங்கு உண்டு.

மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளரின் நிலை. நிரந்தரத் தொழிலாளரோடு தோள் சேர்ந்து வேலை செய்தும், ஊதியத்திலும் வீட்டு வசதியிலும் வேலை உறுதியிலும் வேறுபாட்டோடு வாழ்பவர்கள் இவர்கள். பணி நிரந்தரம் கேட்டு நெய்வேலியில் பலமுறை வேலைநிறுத்தம் நடந்துள்ளது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலைக் கோரிக்கையும் நீண்டகாலமாகத் தொடர்கிறது. தாம் உழுத நிலத்தில் பிறர் சுரங்கம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே கூலிக்குச் செல்பவரின் மனநிலையை வேலைப்பளு என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது.

நான்காவது, குடி. களைப்பைப் போக்கவும் தூக்கம் வரவும் என்று தொடங்கும் பழக்கம், பிறகு விடுப்பு, கடன், வீட்டு வன்முறை என்று விரிகிறது. குடி தூக்கத்தைத் தருவதாகத் தோன்றினாலும், ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதே மருத்துவ உண்மை.

ஐந்தாவது, ஓய்வு. பணி முடியும்போது நகரிய வீட்டையும் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்த தெரு, நண்பர்கள், மருத்துவமனை, பழகிய பஜார் எல்லாம் ஒன்றாக மாறுகின்றன. வேலை போவதும் ஊர் போவதும் ஒரே நாளில் நிகழ்வது தொழில் நகரியங்களுக்கே உரிய இழப்பு. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே தம்பதியர் இருவரையும் அமர்த்திப் பேசும் ஆலோசனை இங்கு மிகப் பயன்படும்.

ஆலோசனை நடக்கும் முறை

பணியாளர் தாமாகவே வரலாம். மேற்பார்வையாளரோ மருத்துவரோ அனுப்பியும் வரலாம். தாமாக வருவதே நல்ல பலன் தருகிறது. சந்திப்பு சுமார் 45 முதல் 50 நிமிடம். பணியாளர் உதவித் திட்டங்களில் பொதுவாக 3 முதல் 8 சந்திப்புகள் வரை நிறுவனத்தின் செலவில் அளிக்கப்படும். அதற்கு மேல் தேவைப்பட்டால் வெளியே உள்ள சிகிச்சைக்கு இணைத்து விடுவார்கள்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேசுவது யாருக்கும் தெரியாது, எந்தச் சூழலில் மட்டும் ரகசியம் விலக்கப்படும், குறிப்புகள் எங்கே வைக்கப்படும் என்பவை அவை. அடுத்து, வந்தவர் தம் சொற்களில் சிக்கலைச் சொல்கிறார்.

தொழிலாளர் பெரும்பாலும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லி வருவதில்லை. “தூக்கம் வரல”, “தலை பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடங்குது”, “சாப்பாடு இறங்கல”, “யார்கிட்டயும் பேசப் பிடிக்கல” என்றே வருகிறார்கள். மனத்தின் வலி உடலின் மொழியில் வெளிவருவது தமிழ்ச் சூழலில் வழக்கம். இதை அறிந்த ஆலோசகர் உடல் நோயையும் பரிசோதிக்கச் செய்து, அதே நேரத்தில் பின்னால் உள்ள கவலையையும் கேட்பார்.

தேவைப்பட்டால் சிறு வினாத்தாள் பயன்படுத்தப்படும். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, சோர்வு, தூக்கம், பசி, தற்கொலை எண்ணம் முதலியவை எந்த அளவில் இருந்தன என்று கேட்கும் 9 கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ.-9 அவற்றுள் ஒன்று. இது நோயை உறுதி செய்யும் சோதனை அல்ல. யாருக்கு மேலும் கவனம் தேவை என்று காட்டும் அடையாளமே.

பின்வரும் சந்திப்புகளில் நடைமுறையான வேலை நடக்கிறது. எடுத்துக்காட்டாக, இரவு ஷிப்டில் இருப்பவருக்கு, பகலில் அறையை இருட்டாக்குவது, ஷிப்டின் பிற்பகுதியில் தேநீரைத் தவிர்ப்பது, தூங்கும் நேரத்தைக் குடும்பத்தோடு பேசி ஒதுக்குவது ஆகியவை திட்டமிடப்படும். கடனில் சிக்கியவருக்கு, யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன என்று தாளில் எழுதிப் பார்ப்பதே முதல் படி. எழுதாத கடன் எழுதிய கடனைவிட மனத்தில் பெரிதாக இருக்கும். “என்னால் எதற்கும் பயனில்லை” என்று நினைப்பவரிடம், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று சேர்ந்து ஆராய்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வழி.

ரகசியம்

இச்சேவை நிற்பதும் விழுவதும் ரகசியத்தில்தான். பெருநகரில் பணிபுரிபவர், வேறொரு பகுதியில் உள்ள ஆலோசகரிடம் யாருக்கும் தெரியாமல் போய்வர முடியும். நிறுவனமே வீட்டையும் மருத்துவமனையையும் நடத்தும் ஊரில் அது எளிதல்ல. ஆலோசனை அறைக்கு வெளியே அமர்ந்திருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலே போதும்.

சுரங்கத் தொழிலாளருக்கு மற்றோர் அச்சமும் உண்டு. சுரங்க விதிகளின்படி அவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். வேலைக்குத் தகுதியானவரா என்று அது முடிவு செய்கிறது. மனநலச் சிக்கலைச் சொன்னால் “அன்ஃபிட்” ஆகிவிடுவோமோ, எந்திரம் இயக்கும் பணியிலிருந்து மாற்றிவிடுவார்களோ, பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. இந்தப் பயம் இருக்கும்வரை, உதவி அதிகம் தேவைப்படுபவரே கடைசியில் வருவார்.

இதைத் தவிர்க்க, பின்வரும் ஏற்பாடுகள் தேவை என்று துறை அனுபவம் காட்டுகிறது:

தகுதிப் பரிசோதனை செய்பவரும் ஆலோசனை தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

ஆலோசனைக் குறிப்புகள் பணியாளரின் சேவைப் பதிவேட்டிலோ நிறுவன மருத்துவக் கோப்பிலோ சேரக் கூடாது.

நிர்வாகத்துக்குச் செல்லும் அறிக்கையில் எத்தனை பேர் வந்தனர், எவ்வகைச் சிக்கல்கள் என்ற மொத்தக் கணக்கு மட்டும் இருக்க வேண்டும். சிறு பிரிவில் இருந்து ஒருவர் மட்டும் வந்திருந்தால் பிரிவின் பெயரும் குறிப்பிடப்படக் கூடாது. எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொலைபேசி வழியாகவும், ஷிப்டுக்கு ஏற்ற நேரங்களிலும், நகரியத்துக்கு வெளியே உள்ள இடத்திலும் ஆலோசனை பெறும் வழி இருக்க வேண்டும்.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால், ஆலோசகர் தேவையான அளவுக்கு மட்டும் உரியவருக்குத் தெரிவிக்கலாம். கன்வேயர் கட்டுப்பாட்டில் இருப்பவர் போதையில் வேலைக்கு வருவதாகத் தெரிந்தாலும் இதே நிலை எழும். இந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை. பின்னர் சொன்னால் துரோகமாகத் தோன்றும்.

சட்டப் பாதுகாப்பு

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மனநலச் சிகிச்சை பெறுவதை அது உரிமையாக்குகிறது. 23ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குக் காப்பீடு தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளில் சேர்த்துள்ளது. அதன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பொதுத்துறை நிறுவனங்களும் இதில் அடங்கும். தற்போதைய பணிக்கு அவர் பொருந்தாவிட்டால், அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும்.

2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் வலுப்படுத்தியது. மனநலக் குறைபாட்டோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு ஆகும் என்று அத்தீர்ப்பு கூறியது. வேலை போய்விடும் என்ற அச்சத்தால் ஒதுங்கி நிற்பவர்களுக்கு இத்தகவல்களை எளிய தமிழில் எடுத்துச் சொல்வதும் ஆலோசனைச் சேவையின் பகுதியாக வேண்டும்.

விபத்துக்குப் பின்

பெரும் விபத்து நடந்த பின், ஆலோசகர்களைக் கூட்டமாக வரவழைத்து எல்லோரையும் ஒரே அறையில் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் சொல்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. இப்படி ஒரே அமர்வில் அனுபவத்தைக் கிளறுவது பின்னர் வரும் அதிர்ச்சிக் கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டின. எனவே உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு ‘உளவியல் முதலுதவி’ என்ற எளிய முறையைப் பரிந்துரைக்கிறது. பார்ப்பது, கேட்பது, இணைப்பது என்று மூன்று சொற்களில் அதைச் சுருக்கலாம். யாருக்கு உடனடி உதவி தேவை என்று பார்க்க வேண்டும். பேச விரும்பினால் கேட்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது. குடும்பம், மருத்துவம், இழப்பீடு பற்றிய சரியான தகவலோடு இணைத்து விட வேண்டும்.

விபத்துக்கு மறுநாள் தைரியமாக இருப்பவர் மூன்று மாதம் கழித்து உடைந்து போகலாம். கொதிகலன் சத்தம் கேட்டாலே வியர்ப்பது, கனவில் தீ வருவது, அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகையால் விபத்துக்குப் பின்னான ஆலோசனை ஒரு வாரச் சடங்காக முடியாமல், குறைந்தது ஓராண்டுக்குத் தொடர வேண்டும். முதல் நினைவு நாள் பலருக்குக் கடினமான நாள்.

யாருக்கெல்லாம் சேவை

ஆலோசனைத் திட்டம் உள்ள பல நிறுவனங்களில் அது நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆனால் ஆபத்து அதிகமுள்ளது யாருக்கு என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். வேலை உறுதியற்றவருக்கு ஆலோசனை மறுக்கப்பட்டால், சேவை தேவைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது என்றே பொருள்.

ஒப்பந்தத் தொழிலாளர் ஆலோசனைக்கு வர, ஒரு நாள் கூலியை இழக்காமல் வரும் வழி வேண்டும். ஒப்பந்ததாரருக்குத் தெரியாமல் வரும் வழியும் வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளிலேயே இச்சேவையைச் சேர்ப்பது ஒரு வழி. தொழிற்சங்கங்களின் பங்கும் இங்கே பெரிது. சக தொழிலாளர் சிலருக்குப் பயிற்சி தந்தால், வழக்கமாகச் சிரித்துப் பேசுபவர் ஒதுங்குவதையும், ஒருவர் அடிக்கடி விடுப்பு எடுப்பதையும், “இனி நான் இருந்து என்ன” என்பது போன்ற பேச்சையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்களே.

பயனும் வரம்பும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுகின்றன. இவ்விரு நோய்களின் சிகிச்சைக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் நான்கு டாலர் மதிப்புள்ள பலன் திரும்பக் கிடைக்கும் என்று 2016இல் வெளியான ஆய்வு கணித்தது. நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறாததும் தெரியவந்தது.

எனினும் ஆலோசனை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, மன உறுதிப் பயிற்சி, தியானப் பயிற்சி, நலச் செயலிகள் போன்ற தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம் பங்கேற்காதவர்களைவிட மேலாக இல்லை என்று கண்டது. சிக்கல் வேலையின் அமைப்பில் இருக்கும்போது, ஆளை மட்டும் சரிசெய்ய முயல்வது பலன் தராது.

2022 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கொள்கைக் குறிப்பு இதே வரிசையைச் சொல்கிறது. முதலில், வேலையில் உள்ள ஆபத்துகளைத் தடுப்பது. அடுத்து, மேற்பார்வையாளருக்கும் தொழிலாளருக்கும் பயிற்சி தந்து மனநலத்தைக் காப்பது. பின்னர், பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவு தந்து வேலையில் தொடரச் செய்வது. ஆலோசனை மூன்றாவது படியைச் சேர்ந்தது. கொதிகலன் பராமரிப்பைச் சரிசெய்யாமல் கொதிகலன் பயத்துக்கு மட்டும் ஆலோசனை தருவதில் பொருள் இல்லை. அதேபோல், தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்க்கச் சொல்லிவிட்டுத் தூக்கப் பயிற்சி தருவதிலும் பொருள் இல்லை.

ஆலோசனை அறையில் திரளும் செய்திகளை, பெயர்களை மறைத்துவிட்டு, நிர்வாகமும் சங்கமும் சேர்ந்த பாதுகாப்புக் குழுவுக்குக் கொண்டுசெல்வது ஒரு நல்ல வழி. குறிப்பிட்ட ஒரு பிரிவில் இருந்து பலர் தூக்கமின்மையோடு வந்தால், அந்தப் பிரிவின் ஷிப்ட் சுழற்சியை ஆராய வேண்டும் என்பது அதன் செய்தி. ஹாத்தோர்ன் ஆலையில் எழுந்த பழைய விமர்சனத்துக்கு விடை இதுவே.

உதவி பெறும் வழிகள்

நிறுவனத்தின் வழியாகப் போக விரும்பாதவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். இது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. நெய்வேலிப் பகுதியினருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவத் துறையும் எட்டும் தொலைவில் உள்ளது.

உடன் பணிபுரியும் ஒருவர் தற்கொலை பற்றிப் பேசினால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “அப்படி எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது, பேச வழி திறக்கும். அவரைத் தனியே விடாமல் இருந்து, மேலே சொன்ன எண்களில் ஒன்றை அவரோடு சேர்ந்து அழைப்பது யாரும் செய்யக்கூடிய முதலுதவி.